காரணங்கள் குளத்துக்கு வந்த படம்

2003ஆம் ஆண்டு மார்ச் 29, சனிக்கிழமை. வானம் வெளித்திருந்தது, மழைக்குறி இல்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றடியில் பாத்திரங்களை விளக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்டினேன். என் கணவர் பசுவைக் கறந்து, கன்றைக் கட்டிவிட்டு, தேத்தண்ணீர் குடித்ததும் வயற்பக்கம் போனார். காலைச் சாப்பாடு பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். பாடசாலை இல்லாத நாள் என்பதால் பத்தாம் ஆண்டின் புவியியல் விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். திங்கட்கிழமைக்கு வேண்டிய சேலையை இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரி போட்டு மினுக்கி வைத்தேன். மத்தியானச் சமையல் முடிந்த பிறகு, முதல்நாள் ஒட்டிக் காயவிட்டிருந்த பழைய கலண்டர் தாள்களை எடுத்து, வெறும் பக்கம் மேலே வரும்படி மேசையில் விரித்து, மறுபடியும் படம் கீறத் தொடங்கினேன்.

மறுபடியும் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிழமைக்கு முன் நான் கீறிய முதற் படம் கூட்டத்தையே குழப்பிவிட்டது.

உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்காலால் நீர் பெறுகிற கமக்காரருக்கு ஒரு சங்கம் இருந்தது. வயல் இவருடைய பெயரில் இருந்தாலும் செயலாளர் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கூட்டக் குறிப்பைத் தெளிவாக எழுதக்கூடியவர் யார் என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவுதான்.

அந்த மாதம் சங்கத்தில் ஒரே ஒரு விடயம்தான் பேச்சாக இருந்தது. காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து கொடுப்பதால் எல்லா வயலும் விதைபடும். சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற நீர் மட்டுமே. அது வாய்க்காலின் கடைசிவரை போகாது. ஆகவே வாய்க்காலின் தலைப்பக்கத்து வயல்களை மட்டும் விதைப்பார்கள். கீழே காணி உள்ளவர்களுக்கு அந்தத் தலைப்பக்கத்து வயல்களிலேயே ஆளுக்கொரு துண்டு பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு போகத்துக்கு மட்டும் மேல்காரரின் வயலில் கீழ்க்காரர் நெல் விளைவிப்பார். அறுவடை முடிந்ததும் பங்கு கலைந்துவிடும். இது எங்கள் வாய்க்காலில் எழுதாத வழக்கம்.

வாய்க்காலின் ஆகக் கடைசி வயலைச் செய்து வந்தவர் ஒரு பெண். சிறுமியாக இருக்கும்போது பெற்றோருடன் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். கணவர் காலமான பின் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தானே வயல் செய்தார். காணி அவருடையதல்ல. உரிமையாளர் கனடாவில் இருந்தார், இந்தப் பெண் குத்தகைக்குச் செய்தார். அந்த முறை மாசியில் பெய்த மழையில் அவருடைய பள்ளக் காணியில் வெள்ளம் நின்று, விளைந்த கதிர் படுத்து முளைத்துவிட்டது. வீட்டுக்கு அரிசியும் அடுத்த காலபோகத்துக்கு விதைநெல்லும் வேண்டுமானால் சிறுபோகப் பங்கு ஒன்றுதான் வழி. அது கிடைக்காவிட்டால் வயலை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று என்னிடம் ஒருநாள் சொல்லியிருந்தார்.

அந்தப் பங்கை இந்த முறை தானே விதைக்கப் போவதாக உரிமையாளரின் தம்பி வந்து நின்றார். கிளிநொச்சியில் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் அல்ல. "காணி அண்ணன்ரை, அப்ப காணிக்குரிய பங்கும் அண்ணன்ரை பக்கத்துக்குத்தான்" என்பது அவர் பேச்சு.

இதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. இரண்டிலும் சத்தம்தான். ஒருவர் சொன்னதையே இன்னொருவர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். ஒருவர் ஒன்றுக்குப் பதில் சொல்ல, அது வேறொன்றுக்கான பதிலாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் குறிப்பைப் படித்துப் பார்த்தபோது யார் எழும்பி நின்றார், யார் கதிரையைத் தள்ளிவிட்டுப் போனார் என்பதெல்லாம் இருந்தது. எந்த முடிவுக்கு எது காரணம் என்பது மட்டும் இல்லை. அப்போதுதான் இதைப் படமாகக் கீறிச் சுவரில் தொங்கவிட்டால் என்ன என்று நினைத்தேன். சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் இருந்தால் அதையே திருப்பிச் சொல்லத் தேவை இல்லை. தலைவரும் "கீறுங்கோ ரீச்சர், ஒருக்காப் பாப்பம்" என்றார்.

முதற் படத்தை மிகவும் கவனமாகத்தான் கீறினேன். மேலே ஒரு குளம். அதற்குள் "கடைசி வயலின் பங்கு யாருக்கு?" என்ற கேள்வி. குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் நேரே கீழிறங்கும். இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் வயல்போல ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒருவர் சொன்ன காரணம். அந்தப் பெண்ணின் பக்கத்துக் காரணங்கள் நீலம், மற்றப் பக்கத்தவை சிவப்பு. அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, எழுத்தெல்லாம் ஒரே அளவில் எழுதி, பார்க்க வடிவாக இருந்தது. வாய்க்கால்காரருக்கு வாய்க்காலாகவே கீறினால் சுலபமாக விளங்கும் என்று நம்பினேன்.

விளங்கியது. வாய்க்காலாகவே விளங்கியது.

பொதுமண்டபத்தில் படத்தைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வாய்க்காலின் முதல் வயலுக்குச் சொந்தக்காரர், என் கணவரைவிட வயதில் மூத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"ரீச்சர், என்ரை காரணத்தை ஏன் வாலிலை கொண்டுபோய் விட்டிருக்கிறியள்?"

"அண்ணை, இது வயல் இல்லை. நீங்கள் கடைசியாச் சொன்னனீங்கள், அதாலை கீழை வந்தது."

"முதல் வயல்காரன்ரை காரணம் கடைசி மடையிலையோ? அங்கை தண்ணி வந்து சேரப் புரட்டாதி ஆகும்."

உரிமையாளரின் தம்பிக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது. "என்ரை பெட்டி நடுவிலை கிடக்கு. மேலை ரண்டு நீலப் பெட்டி. அவை மறிச்சா நான் எங்காலை எடுக்கிறது?"

தலைவர் சமாதானம் செய்கிறேன் என்று எழும்பி, "அப்ப முறை வைச்சு விடுவம்" என்றார். காரணங்களுக்கு முறைத் தண்ணீர். ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே யார் முதல் முறை என்று கதை தொடங்கிவிட்டது.

கடைசி வயல் அக்கா பின்னால் வாங்கில் இருந்தபடி சொன்னார்: "எனக்குக் காணியும் கடைசி, படத்துலயும் எதிர்ப்பக்கக் கடைசிங்க. ரீச்சருக்குக் கை அப்பிடியே பழகிப்போச்சு."

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய பங்கைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசி முடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் கடைசிக் கூட்டம், அதில் முடிவு இல்லாவிட்டால் பங்கு காணிக்காரர் பக்கத்துக்கே போகும் என்று தலைவர் அறிவித்துக் கூட்டத்தைக் கலைத்தார். அதற்கடுத்த கிழமை வாய்க்கால் துப்புரவு தொடங்க வேண்டும். அவராலும் அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு இவர் சொன்னார்: "உம்மடை படம் நியாயம் சொல்லேல்லையப்பா. தண்ணி பங்கிட்டது."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது புதன்கிழமை, வகுப்பில். ஆற்று வடிநிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் மரக்கிளைபோல ஆறு கீறுவது எனக்குப் பல வருடப் பழக்கம். மேட்டு நிலத்திலே சின்னச் சின்ன ஓடைகள், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து பெரிய ஓடை, பெரிய ஓடைகள் சேர்ந்து ஆறு. வெண்கட்டியைப் பலகையில் வைத்தபடியே நின்றுவிட்டேன். வாய்க்காலில் ஒன்று பலவாகப் பிரிகிறது. பிரியப் பிரியக் குறைகிறது. அதனால்தான் தலை என்றும் வால் என்றும் வருகிறது. ஒரு முடிவுக்குக் காரணம் சொல்லும்போது நடப்பது அதற்கு எதிர். பல காரணங்கள் வந்து ஒரு முடிவில் சேர்கின்றன. ஆற்றில் எந்த ஓடையும் வால் அல்ல. ஆகத் தூரத்தில் தொடங்குகிற ஓடையும் தன் தண்ணீரைக் கொண்டுவந்துதான் சேர்க்கிறது. நான் நீரின் ஓட்டத்தையே மாறிக் கீறியிருந்தேன்.

"ரீச்சர், ஆறு முடிஞ்சுதோ?" என்று முன்வாங்கில் ஒரு பிள்ளை கேட்டது. இல்லை என்று சொல்லி மிச்சத்தைக் கீறினேன்.

அன்று பின்னேரம் வீட்டில் பென்சிலால் ஒரு மாதிரிப் படம் போட்டேன். குளத்தைத் தாளின் அடியில் வைத்தேன். மேலே இருந்து ஓடைகள் வந்து சேர வேண்டும். யாராவது ஒரு காரணத்துக்கு எதிராகச் சொன்னால் அந்த ஓடைக்குக் குறுக்கே ஓர் அணை. அது அந்த ஓடையை மட்டும் மறிக்கும், குளத்தை அல்ல. இதுவரை சரியாக இருந்தது. பிறகு ஒவ்வோர் ஓடையாக எடுத்து, இது குளத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன். குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"கடைசி வயல் அக்கா ஒவ்வொரு வருசமும் வாய்க்கால் துப்புரவாக்கினவா" என்று வாசித்தேன்.

"ஓம். அதாலை?"

"அதாலை பங்கு அவாக்கு."

"அதெப்பிடி? றோட்டைக் கூட்டினவனுக்கு றோட்டோ?"

"இது அப்பிடி இல்லை. வாய்க்கால் வேறை."

"என்ன வேறை? சொல்லுமன்."

சொல்ல வாய் திறந்தபோதுதான் படத்தில் ஓர் ஓடை இல்லை என்பது தெரிந்தது. எங்கள் வாய்க்காலில், நீர் திறக்குமுன் தன் பங்கு நீளத்தைத் துப்புரவாக்காதவருக்கு மடை திறப்பதில்லை. துப்புரவாக்கியவருக்கே நீர். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் நான் எழுதவில்லை. "அக்கா துப்புரவாக்கினவா" என்ற ஓடை தனியே குளத்துக்கு வராது. "துப்புரவாக்கியவருக்கே நீர்" என்ற மற்ற ஓடையுடன் வழியில் சேர்ந்தால்தான் வரும். இரண்டையும் கீறி, சேருமிடத்தில் கோட்டைத் தடிப்பாக்கினேன்.

"இப்ப வருது" என்றார் இவர், துருவலையைக் கழுவிக்கொண்டே.

வியாழனும் வெள்ளியும் மற்ற ஓடைகளை இப்படியே பார்த்தேன். சில ஓடைகள் எங்கும் போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றன. "உவையள் எங்கடை ஊர் ஆக்களே?" என்று அக்காவைப் பற்றி ஒருவர் கேட்டது அப்படி ஒன்று. அதை எங்கே இணைப்பது என்று தேடிப் பார்த்துவிட்டு, ஒரு குளத்துக்கும் போகாத ஓடையாகவே விட்டேன். தாளின் ஓரத்தில் அது தனியே கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பெரிய தாளில் மையால் கீறி முடித்து, சுருட்டிக்கொண்டு நேரத்தோடு மண்டபத்துக்குப் போனேன். கூட்டம் நாலு மணிக்கு, பழைய நேரம் என்று தலைவர் அழுத்திச் சொல்லியிருந்தார். அரசு மாற்றிய நேரத்தை எங்கள் பக்கம் ஏற்காததால், அந்த நாட்களில் எங்கள் கடிகாரம் வவுனியாவுக்கு அங்கால்பட்ட கடிகாரத்துக்கு அரை மணி பிந்தியிருக்கும். உரிமையாளரின் தம்பி கடைச் சாமான் எடுக்க அடிக்கடி வவுனியா போய் வருபவர், கையில் புதிய நேரம் கட்டியிருந்தார். அதனால் அரை மணி முந்தியே வந்து, படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த என்னோடு தனியே அகப்பட்டார்.

"இந்த முறை குளம் கீழையோ?" என்றார். பிறகு நிதானமாக வாசித்தார். "என்ரை காரணம் எங்கை?"

"உங்களிட்டைக் கேட்டுக் கீறுவம் எண்டு இடம் விட்டிருக்கிறன், தம்பி. உண்மையில உங்களுக்கு என்ன பயம்?"

அவர் வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. "அண்ணன் அங்கையிருந்து ஒவ்வொரு கிழமையும் காணி பத்திரமோ எண்டு கேக்கிறார். இண்டைக்குப் பங்கை விட்டுக் குடுத்தா நாளைக்குக் காணியும் தங்கடை எண்டுவினம். பிறகு நான் அவருக்கு என்ன சொல்லுறது?"

பென்சிலை எடுத்து "காணி அண்ணனுடையது" என்று மேலே எழுதி, ஓர் ஓடை இழுத்தேன். குளத்துக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தினேன். "தம்பி, இந்தக் குளத்திலை கேட்டிருக்கிறது இந்தப் போகம் பங்கை ஆர் விதைக்கிறது எண்டுதான். காணி ஆருக்குச் சொந்தம் எண்டு இதிலை கேக்கேல்லை."

"அப்ப என்ரை தண்ணி எங்கை போறது?"

பக்கத்தில் இன்னொரு குளம் கீறினேன். "காணி யாருடையது?" என்று அதற்குள் எழுதினேன். அவருடைய ஓடையை வளைத்து அதற்குள் விட்டேன். அதற்குக் குறுக்கே அணை எதுவும் இல்லை. யாரும் அதை மறுத்ததில்லை.

அவர் அந்தக் குளத்தை விரலால் சுற்றிக் காட்டினார். "இது நிரம்பித்தானே கிடக்கு?"

"நிரம்பி வழிஞ்சு வான் பாயுது."

"அப்ப மற்றதுக்கு என்ரை பக்கத்தாலை ஒண்டும் வரேல்லையே?"

"ஏன் இல்லை? குத்தகை காலபோகத்துக்கு மட்டும்தான் பேசினது எண்டு முதல் கூட்டத்திலை சொன்னனீங்கள். அது இதுக்குத்தான் வருது." அதையும் அவர் முன்னாலேயே சிவப்பு மையால் கீறினேன். அது நல்ல காரணம். அதை மறைத்துவிட்டுப் படம் கீறினால் படம் எதற்கு? இருந்தாலும் அந்தச் சிவப்பு ஓடை குளத்தில் போய்ச் சேர்ந்தபோது கடைசி வயல் அக்காவின் விதைநெல்லை நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மண்டபம் நிரம்பியது. முதல் வயல்காரர் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். மேலும் கீழும் பார்த்தார். "ரீச்சர், இதிலை தலை எது, வால் எது?"

நான் சொல்லுமுன் தலைவர் சொன்னார்: "எல்லாருக்கும் தலைதான் அண்ணை. வால் முழுக்கக் குளத்துக்கை கிடக்கு. போய் இருங்கோ."

ஒவ்வோர் ஓடையாக விரலால் தொட்டுப் போனோம். புதிதாக ஒருவர் எழும்பிச் சொன்னால், அது ஏற்கெனவே படத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். இருந்தால் அவர் "ஓம், உதுதான்" என்று இருந்துவிட்டார். நாலு கூட்டத்தில் முதல் தடவையாக என்னால் தலைநிமிர்ந்து ஆட்களின் முகங்களைப் பார்க்க முடிந்தது. எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் சுவரில் இருந்தது.

தடித்த கோட்டுக்கு வந்தோம். "துப்புரவாக்கியவருக்கே நீர்" என்று வாசித்தேன்.

"உதையும் எழுத வேணுமே?" என்றார் முதல் வயல்காரர். "ஆருக்குத் தெரியாது?"

"தெரிஞ்சதுதான் அண்ணை. நீங்கள் இதை ஒத்துக்கொள்ளுறியளோ?"

"நானோ? அந்தக் கதையாலை என்ரை மச்சானுக்கே ஒரு போகம் மடை மறிச்சனான்!"

அவருடைய சொந்தக் காரணம் சிவப்பு ஓடைகளில் ஒன்றாக இருந்தது. காணி பெயரில் இல்லாதவருக்குப் பங்கு கொடுத்தால், குத்தகைக்காரர் எல்லோரும் வந்து கேட்பார்கள் என்பது. தான் இப்போது சொன்னதற்கும் அதற்கும் இடையில் அவரே விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "துப்புரவாக்கிப்போட்டு வந்து கேக்கட்டுமன். வாய்க்கால் துப்புரவாகுந்தானே" என்றார். "ரீச்சர், எனக்குக் குறுக்காலை ஒரு அணையைப் போடுங்கோ. நானே போட்டதெண்டு எழுதுங்கோ."

மண்டபம் சிரித்தது. நான் அணையைப் போட்டேன்.

மிஞ்சியிருந்தது குத்தகை ஓடை. தலைவர் கடைசி வயல் அக்காவைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை" என்றார்.

அவர் எழும்பி முன்னுக்கு வந்தார். "குத்தகை பேசறப்ப போகம் பிரிச்சுப் பேசலைங்க. செய்யி, வருசத்துக்கு இவ்வளவு நெல்லு அளந்து குடுன்னாரு பெரியவரு. போன சிறுபோகமும் பங்கு நான்தான் வெதைச்சேன். சின்னவரே சைக்கிள்ள வந்து வரம்புல நின்னு, நெல்லு நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சொல்லலையாங்க?"

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சொன்னனான்" என்றார்.

"நல்ல நெல்லெண்டால் சொல்லத்தானே வேணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு அவரே எழும்பினார். "அந்த மற்றக் குளத்தையும் கூட்டக் குறிப்பிலை எழுதுங்கோ. காணி அண்ணன்ரை. அது எழுதியிருந்தா இந்தப் போகம் அவா விதைக்கட்டும். எனக்குக் கடையை விட்டுப்போட்டு வயலிலை நிக்கவும் நேரமில்லை."

"காணி பெரியவரோடதுதாங்க" என்றார் அக்கா உடனே. "நான் எப்பவாச்சும் இல்லைன்னேனா? எனக்கு நெல்லு வேணும். மண்ணைச் சுருட்டிக்கிட்டா போகப் போறேன்?"

இரண்டு குளத்தையும் குறிப்பில் எழுதினேன். தலைவர் கையெழுத்து வைத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், பங்கு யாருடைய வயலில் என்ற கேள்வி வந்தது. தலைப்பக்கத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். முதல் வயல்காரருக்கு அணை போட்ட கடுப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. "படம் கீறினவையின்ரை வயலிலையே குடுக்கட்டும். அவையும் தலைப்பக்கந்தானே?" என்றார்.

பகிடியாகத்தான் சொன்னார். எங்கள் வயல் வாய்க்காலில் மூன்றாவது. பின் வரிசையில் இருந்த இவர் எழும்பி, "குடுக்கிறம்" என்றார். "கிழக்குப் பக்கத் துண்டு. மண் நல்லம், தண்ணி கட்டவும் சுகம்."

அந்தக் கிழக்குத் துண்டில் உழுந்து போடலாம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தலைவரிடம் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும்போது வழியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் கேட்டேன்: "இஞ்சருங்கோ, உழுந்து?"

"உழுந்து மேட்டுத் துண்டிலை போடலாம்." சைக்கிள் மணியைச் சும்மா ஒருமுறை அடித்தார். "அடுத்த முறை படம் கீறுறதெண்டால் முன்னமே சொல்லும். நான் கூட்டத்துக்கு வராமல் நிக்கிறன்."

"நீங்கள் இல்லாட்டி அந்தத் தடிச்ச கோடு வந்திராது."

"அப்ப நட்டம் எல்லாம் என்ரை தேங்காய் துருவலாலை."

இரவுச் சாப்பாடு மத்தியானத்து மிச்சத்தோடு முடிந்தது. நாட்குறிப்பில் அன்றைய பக்கம் நிரம்பிவிட்டதால் மற்ற நாளைப்போல் இல்லாமல் ஓரத்திலும் எழுதினேன். நல்ல நித்திரை.

மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. தேத்தண்ணீருக்கும் முந்தி முதல் வேலையாக, நாலு பூவரசங் கட்டையும் கயிறும் எடுத்துக்கொண்டு இவரும் நானும் வயலுக்குப் போனோம். அக்கா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து வரம்பில் நின்றார். வயலுக்குள் கால் வைக்கவில்லை. "இறங்குங்கோ, இனி உங்கடை பங்குதானே" என்று சொல்லிக் கயிற்றின் ஒரு தலைப்பை அவரிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கு மூலைக்கு நடந்தார். அங்கே அவர் காட்டிய இடத்தில் இவர் முதற் கட்டையை அறைந்தார்.